பனிக்காலம் தாண்டும் ரோசாக்கள்

மே மாதம் பிறந்ததும் ரொறொன்ரோ, மார்க்கம், ஒட்டாவா என்று எந்த ஊர்த் தோட்டக்கடைக்குப் போனாலும் வாசலிலேயே ரோசாக்கன்றுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அட்டைப் படத்தில் உள்ளங்கை அகலப் பூ. வாங்கிவந்து நட்டால் முதற்கோடையில் சொன்னபடி பூக்கும். அடுத்த ஏப்ரலில் பனி கரைந்ததும் போய்ப் பார்த்தால் கறுத்துப்போன குச்சிகள் நாலைந்து நிற்கும். இரண்டு தரம் இப்படி நடந்தால் போதும், "இந்தக் குளிருக்கு ரோசா சரிவராது" என்று அந்த இடத்தில் தக்காளி நட்டுவிடுவோம். ஆனால் மைனஸ் 35 பாகைக்கும் இறங்கக்கூடிய வினிப்பெக்கின் வீட்டு முற்றங்களில், யாரும் சாக்குச் சுற்றாமல், மண் அணைக்காமல், ஆண்டுதோறும் பூக்கும் ரோசாக்கள் நிற்கின்றன.

கன்றைத் தெரிந்தெடுக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது, அல்லது கெட்டுவிடுகிறது. அதனால் இந்த அத்தியாயத்தில் தேர்வுக்குத்தான் அதிக இடம். நடுவதும் மூடுவதும் வெட்டுவதும் அதற்குப் பிறகு.

எந்தப் பாகம் பிழைக்கும்?

கடைகளில் அதிகம் விற்பது ஹைபிரிட் டீ எனும் வகை. நீண்ட காம்பு, நுனியில் ஒற்றைப் பெரிய பூ. பூங்கொத்துக் கடையில் நாம் காணும் ரோசா இதுதான். 1867இல் பிரான்சில் அறிமுகமான 'லா பிரான்ஸ்' இவ்வகையின் முதலாவது என்று பொதுவாகச் சொல்வார்கள். இவற்றின் மூதாதையரில் ஒரு பாதி சீன ரோசாக்கள். மிதமான காலநிலையில் வளர்ந்த அந்த ரோசாக்கள் ஐரோப்பாவுக்குக் கொடுத்த பெரிய கொடை, ஓயாமல் பூக்கும் குணம். அதனோடு சேர்ந்தே ஒரு பலவீனமும் வந்தது: எப்போது நிறுத்துவது என்று அவற்றுக்குத் தெரியாது. பழைய ஐரோப்பிய ரோசா ஜூனில் ஒரு தரம் பூத்து, கோடை முடியும்போது வளர்ச்சியை அடக்கி, தண்டை முற்றவிட்டுக் குளிருக்குத் தயாராகும். ஹைபிரிட் டீயோ ஒக்ரோபரிலும் செந்தளிர் விட்டுக்கொண்டிருக்கும். நீர் நிறைந்த அந்த இளந்தண்டில் உறைபனி விழுந்தால் உள்ளே பனிக்கட்டி கட்டி இழையங்கள் சிதையும். சாவு அங்கிருந்து கீழே இறங்கும்.

எனவே "இந்த ரோசா பனிக்காலம் தாங்குமா?" என்று கேட்பது போதாது. எந்தப் பாகம் தாங்கும் என்று கேளுங்கள். சில ரோசாக்களில் தண்டு நுனிவரை உயிரோடு இருக்கும். சிலவற்றில் மண்ணுக்கு மேலே உள்ளது முழுவதும் செத்து, மண்ணோடு ஒட்டிய கழுத்துப் பகுதி மட்டும் பிழைத்து, மே மாதத்தில் புதிதாகத் துளிர்க்கும். இரண்டுமே நல்ல ரோசாக்கள்தான். ஆனால் அவற்றுக்குரிய இடம் வேறு வேறு. வேலியிலோ வளைவிலோ ஏற்றுவதற்குத் தண்டு பிழைக்கும் வகைதான் வேண்டும். ஆண்டுதோறும் தரைமட்டத்திலிருந்து தொடங்கும் கொடி எந்தக் காலத்திலும் வேலியின் தலையைத் தொடாது. பாத்தியில் இடுப்பளவு நிற்கும் செடிக்குக் கழுத்து பிழைத்தாலே போதும், அது புதுத் தண்டில் பூக்கும் வகையாக இருந்தால்.

அந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பூக்கும் பழைய ரோசாக்கள் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் தண்டில்தான் பூக்கும். தண்டு செத்தால் செடி பச்சைப்பசேலென்று வளரும், பூ மட்டும் இராது. "இலை நல்லாய் வருது, பூவைக் காணேல்லை" என்று சொல்பவர்களின் செடிக்குப் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். அதற்குப் பசளையைக் கொட்டிப் பயனில்லை.

அட்டையில் ஒரு வலய எண் இருக்கும். எண் குறையக் குறையச் செடி கடுங்குளிர் தாங்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க வலய வரைபடம் குளிர்காலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையை மட்டும் வைத்து வரையப்பட்டது. அதில் 5ஆம் வலயம் என்றால் மைனஸ் 23 முதல் மைனஸ் 29 பாகை வரை. கனடாவின் வரைபடம் மழை, பனியின் ஆழம், காற்று, உறைபனி இல்லாத நாட்கள் என்று பலவற்றையும் சேர்த்துக் கணிப்பது. ஒரே ஊருக்கு இரண்டும் வெவ்வேறு எண் தரலாம். அமெரிக்காவில் அச்சான அட்டையைக் கனடா எண்ணோடு நேராக ஒப்பிட வேண்டாம். என் பரிந்துரை, உங்கள் ஊர் எண்ணைவிட ஒன்றாவது குறைந்த எண் போட்ட செடியை வாங்குங்கள். ரொறொன்ரோவில் இது இன்னும் முக்கியம். வினிப்பெக்கில் நவம்பரில் விழும் பனி பெரும்பாலும் மார்ச் வரை கிடந்து செடியின் அடியைக் காக்கும். ரொறொன்ரோவில் ஜனவரியில் மழை பெய்து பனி கரையும், மறுநாள் காற்றோடு மைனஸ் 18. மூடியும் திறந்தும் மாறிவரும் இந்தக் குளிர்காலம், வெப்பமானி காட்டுவதைவிடச் செடிக்குக் கொடியது.

ஒட்டாவாவும் மோர்டனும்

குளிர்தேச ரோசாக்களில் கனடாவின் பங்கு பெரிது. ஒட்டாவாவில் 1886இல் நிறுவப்பட்ட மத்திய பரிசோதனைப் பண்ணையில், வியன்னாவில் பிறந்து கனடா வந்த பெலிசிட்டாஸ் ஸ்வெய்டா என்ற விஞ்ஞானி 1961இல் ரோசா இனக்கலப்பைத் தொடங்கினார். அவர் வைத்த பரீட்சை எளிமையானது, இரக்கமற்றது. நாற்றுகளுக்குக் குளிரில் போர்வை கிடையாது, நோய்க்கு மருந்து கிடையாது. பிழைத்து, திரும்பத் திரும்பப் பூப்பவை மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போகும்.

அவருக்குக் கைகொடுத்தது ரோசா ருகோசா எனும் காட்டினம். ஜப்பான், கொரியா, கிழக்கு ரஷ்யக் கடற்கரை மணலில் வளர்வது. இலை சுருக்கம் விழுந்து தடித்திருக்கும், தண்டு முழுக்க முள்ளு. கடுங்குளிரையும் தாங்கி, கோடை முழுவதும் பூக்கவும் செய்யும் அரிய காட்டு ரோசா அது. ஆனால் அதன் உயிரணுவில் 14 நிறமூர்த்தங்கள், தோட்ட ரோசாக்கள் பெரும்பாலானவற்றில் 28. இரண்டையும் கலந்தால் பிறப்பவை பெரும்பாலும் மலடு. ஜெர்மனியில் வில்ஹெல்ம் கோர்டெஸ் வளர்த்த ஒரு ருகோசா கலப்பின நாற்றில் நிறமூர்த்தம் தானாகவே இரட்டித்து 28 ஆனது. கோர்டெசி என்று பெயர் பெற்ற அந்தச் செடி வழியாக ருகோசாவின் குளிர் தாங்கும் குணம் தோட்ட ரோசாவுக்குள் நுழையக் கதவு திறந்தது. ஸ்வெய்டாவின் கொடி ரோசாக்கள் அந்த வழியில் வந்தவை.

ஸ்வெய்டா உருவாக்கிய ரோசாக்கள் எக்ஸ்புளோரர் வரிசை என்று பெயர் பெற்றன. கனடாவோடு தொடர்புடைய கடலோடிகள், நாடுகாண் பயணிகளின் பெயர்கள். 1968இல் 'மார்ட்டின் புரோபிஷர்' முதலில் வந்தது. 'ஜோன் கபட்' 1978, 'வில்லியம் பாபின்' 1983, 'ஜோன் டேவிஸ்' 1986. வேலியில் ஏற்ற ஒரே ஒரு ரோசா சொல்லுங்கள் என்று கேட்டால் 'வில்லியம் பாபின்' என்றுதான் சொல்வேன். கடும் இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், இரண்டரை மீற்றருக்கு மேல் போகும், தண்டு நுனிவரை பிழைக்கும். வாசனை அதிகம் இல்லை, முள்ளு நிறைய. நடைபாதையிலிருந்து தள்ளி நடுங்கள். பிள்ளைகள் ஓடித்திரியும் வளவென்றால் முள்ளுக் குறைந்த 'ஜோன் டேவிஸ்' நல்லது. மென்மையான இளஞ்சிவப்பு, பழைய காலத்து ரோசாபோல இதழ் அடுக்கு.

மனிற்றோபாவில் மோர்டன் ஆய்வு நிலையத்தில் ஹென்றி மார்ஷல் வேறு வழியில் போனார். புல்வெளியின் காட்டு ரோசாவான ஆர்கன்சானாவைக் கலப்பில் சேர்த்தார். அந்தக் காட்டு ரோசா பனிக்காலத்தில் தரைமட்டம் வரை செத்தாலும் கழுத்திலிருந்து துளிர்த்து, அதே கோடையில் புதுத் தண்டில் பூக்கும். இப்படி உருவான பார்க்லாண்ட் வரிசையில் 'மோர்டன் சென்டெனியல்' 1980இலும், 'மோர்டன் பிளஷ்' 1988இலும், 'வினிப்பெக் பார்க்ஸ்' 1990இலும் வந்தன. முழங்கால் முதல் இடுப்பு வரை உயரம். சாமிப்படத்துக்கு வைக்க நாளுக்கொரு பூ வேண்டும் என்பவர்கள் இந்த வரிசையைத்தான் பார்க்க வேண்டும். ஜூன் கடைசியிலிருந்து உறைபனி விழும் வரை விட்டுவிட்டுப் பூக்கும். இவற்றில் சில கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நோய் எதிர்ப்பு வேண்டுமென்றால் ஒன்ராறியோவின் வைன்லாண்ட் ஆய்வு மையத்திலிருந்து பின்னாளில் வந்தவற்றைத் தேடுங்கள். 'கனேடியன் ஷீல்ட்' என்ற சிவப்பு ரோசா 2017இல் வெளியானது. குளிரையும் கரும்புள்ளியையும் ஒருங்கே தாங்கும்படி தெரிந்தெடுத்தது. ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டத்தின் அழகுக்காகப் பல பூச்சிகொல்லி, பூஞ்சணக்கொல்லிகளைப் பாவிப்பதற்கு 2009இலிருந்து தடை உண்டு. தெளிக்க மருந்தில்லாத இடத்தில் நோய் எதிர்ப்பு என்பது கன்றோடுதான் வந்தாக வேண்டும்.

வாசனை

நம்மவர்கள் பலர் ரோசாவைக் கையில் எடுத்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பார்கள். பன்னீர் ரோசா படிந்த மனத்துக்கு வாசனையில்லாத ரோசா அரை ரோசாதான், நானும் அந்தக் கட்சி. குளிர்தேச ரோசாவில் வாசனை கிடையாது என்ற எண்ணம் தவறு. 1905இல் நெதர்லாந்திலிருந்து வந்த 'ஹன்சா' எனும் ருகோசா ஊதாச் சிவப்பில் பூத்துக் கராம்பு வாசனை வீசும். 1892இல் பிரான்சில் உருவான 'பிளாங் டூப்ல் டி கூபேர்' தூய வெள்ளை. மாலையில் பக்கத்தால் நடந்தாலே மணக்கும். ஒட்டாவாப் பண்ணையின் முதல் இயக்குநர் வில்லியம் சோண்டர்ஸ் ருகோசாவைப் பாரசீக மஞ்சள் ரோசாவோடு கலந்து உருவாக்கிய 'ஆக்னஸ்' வெளிர்மஞ்சள், நல்ல மணம். அல்பேர்ட்டாவில் குடியேறிப் பிரெஞ்சில் நாவல்களும் எழுதிய ஜோர்ஜ் பூன்யே தன் பண்ணையில் வளர்த்தெடுத்த 'தெரேஸ் பூன்யே' 1950இல் வெளியானது; எக்ஸ்புளோரர்கள் பிறப்பதற்கு முன்பே புல்வெளி மாகாணங்களின் வீட்டு வாசல்களில் நின்ற ரோசா அது. பனிக்காலத்தில் அதன் தண்டுகள் செம்மை ஏறி வெண்பனிக்கு மேலே நிற்கும்.

பன்னீர் ரோசாவின் சொந்தங்களான டமாஸ்க் ரோசாக்களுக்கும் இங்கே இடமுண்டு. பன்னீரும் அத்தரும் எடுக்கப் பல்கேரியாவின் கசன்லிக் பள்ளத்தாக்கில் பயிரிடுவது டமாஸ்க் இனம்தான், அங்கும் குளிர்காலம் கடுமையானது. 1832இல் பாரிசில் உருவான 'மடாம் ஹார்டி' வெள்ளை டமாஸ்க். இதழ்களின் நடுவே பச்சைக் கண் ஒன்று தெரியும். ஜூனில் ஒரு தரம் மட்டுமே பூக்கும், அதுவும் பழைய தண்டில். தென் ஒன்ராறியோவுக்கு இது பொருந்தும். புல்வெளி மாகாணத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

ருகோசா நடுபவர்கள் இரண்டு விடயங்களை நினைவில் வைக்க வேண்டும். கடற்கரைச் செடியாதலால், வீதியில் கொட்டும் உப்பை மற்ற ரோசாக்களைவிட நன்றாகத் தாங்கும். கார் நிறுத்தும் பாதையோரத்துக்கு அதைவிடச் சிறந்த ரோசா இல்லை. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாத நிலை. அப்படிப்பட்ட மண்ணில் கோர்டெசி வழிவந்தவற்றை நடுங்கள்.

சொந்த வேர், ஒட்டு வேர்

பெயரைப் பார்த்த பிறகு கன்றின் அடியைப் பாருங்கள். தண்டும் வேரும் சேருமிடத்தில் முட்டி போன்ற ஒரு தடிப்பு, அதன் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தண்டுகள் கிளம்பியிருந்தால் அது ஒட்டுக்கன்று. கீழே இருப்பது வேறொரு ரோசாவின் வேர். அந்த முட்டிதான் குளிரில் முதலில் சாகும் இடம். அது செத்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரோசா போயிற்று. வேர் மட்டும் பிழைத்துத் தன் சொந்தத் தண்டை அனுப்பும். தடிப்பு இல்லாமல், மண்ணுக்குள்ளிருந்தே பல தண்டுகள் கிளம்பினால் அது சொந்த வேரில் வளர்ந்த கன்று. அட்டையிலும் குறித்திருப்பார்கள், இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். சொந்த வேர்க்கன்று முதல் ஆண்டில் சிறிதாகத்தான் இருக்கும். பக்கத்தில் நிற்கும் தடித்த ஒட்டுக்கன்றைப் பார்த்து மனம் மாற வேண்டாம். தரைமட்டம் வரை செத்தாலும் அதே ரோசாவாகத் திரும்பி வரும் என்று நம்பக்கூடியது சொந்த வேர்க்கன்றைத்தான்.

நடுதல்

ஆறு மணி நேர வெயில் வேண்டும், காலை வெயில் என்றால் இன்னும் நல்லது. இலையிலுள்ள ஈரம் சீக்கிரம் காய்ந்தால் கரும்புள்ளி குறையும். தெற்குப் பார்த்த சுவரோடு ஒட்டி நடாதீர்கள். மார்ச் வெயிலில் சுவர் சூடேறி, செடி வேளைக்கே விழித்துக்கொள்ளும். அடுத்த உறைபனி அதன் முளைகளைக் கருக்கிவிடும். கூரையிலிருந்து பனி சரிந்து விழும் இடமும், பனி தள்ளிக் குவிக்கும் இடமும் ஆகாது.

ரோசாவைக் கொல்வதில் குளிருக்கு அடுத்தது குளிர்காலத்து ஈரம். ரொறொன்ரோவைச் சுற்றிய புதிய குடியிருப்புகளில் புல்லுக்குக் கீழே நாலு விரல் மேல்மண், அதற்குக் கீழே கனரக வாகனம் ஏறி இறுகிய களி என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அரை மீற்றர் ஆழமும் அதே அகலமும் தோண்டி, குழி நிறையத் தண்ணீர் விட்டு விடுங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் மண்ணை உயர்த்தி மேட்டுப்பாத்தி கட்டித்தான் நட வேண்டும். தோண்டிய மண்ணோடு மூன்றிலொரு பங்கு நன்கு மக்கிய கூட்டெரு கலந்தால் போதும்.

வேர் மட்டும் உள்ள கன்றை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து மே மாதத்தில் நடலாம்; சட்டியில் வந்ததை ஜூன் பாதி வரை. இலையுதிர் காலத்தில் மலிவு விலைக்குப் போடுவதை வாங்கி நட்டால் வேர் பிடிக்குமுன் மண் உறைந்துவிடும். ஆழம்தான் முக்கியம். ஒட்டுக்கன்றின் முட்டி மண்மட்டத்துக்கு 10 முதல் 15 சென்றிமீற்றர் கீழே போக வேண்டும். ஊரில் முட்டியை மண்ணுக்கு மேலே வைத்து நட்டுப் பழகிய கை இதற்குத் தயங்கும், தயங்காமல் புதையுங்கள். மண் அதற்குப் போர்வை, அத்தோடு காலப்போக்கில் முட்டிக்கு மேலுள்ள தண்டே சொந்தமாக வேர் விடவும் கூடும். சொந்த வேர்க்கன்றையும் சட்டியில் இருந்ததைவிடச் சற்று ஆழமாக வையுங்கள்.

ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை

கோடையில் வாரத்துக்கொரு தரம் வேரடிக்கு நிறையத் தண்ணீர், இலையில் படாமல். ஜப்பான் வண்டு வரும் ஜூலையில் காலையிலேயே, அவை மந்தமாக இருக்கும்போது, சவர்க்காரத் தண்ணீர் உள்ள வாளியில் தட்டி விழுத்துங்கள்.

பனிக்காலத்துக்கான ஆயத்தம் ஆகஸ்டிலேயே தொடங்குகிறது. ஜூலை முடிவோடு நைதரசன் பசளையை நிறுத்துங்கள். செப்ரெம்பரில் வாடிய பூவைக் கிள்ளுவதையும் விடுங்கள், பூ காயாகட்டும். காய் பிடிக்கத் தொடங்கியதும் செடி தளிர் விடுவதைக் குறைத்துத் தண்டை முற்றவிடும். ருகோசாவின் செக்கச்செவேலென்ற காய்கள் பனியில் பார்க்கவும் அழகு, பறவைகளுக்கும் உணவு. தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது. மண் உறையுமுன் நன்றாக ஊற நனையுங்கள். குளிர்காலக் காற்று தண்டிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்போது உறைந்த மண்ணிலிருந்து வேரால் எடுக்க முடியாது.

எக்ஸ்புளோரர், ருகோசா வகைகளுக்கு முதலாண்டு மட்டும் அடியில் மண் அணைத்தால் போதும். ஹைபிரிட் டீயை விட மனமில்லை என்பவர்கள் ஆண்டுதோறும் அணைக்க வேண்டும். கடும் உறைபனி பல தரம் விழுந்து செடி உறங்கிய பிறகு, ரொறொன்ரோவில் நவம்பர் பிற்பகுதியில், வேறிடத்து மண்ணோ கூட்டெருவோ கொண்டுவந்து 25 முதல் 30 சென்றிமீற்றர் உயரத்துக்குத் தண்டடியில் குவியுங்கள். செடியைச் சுற்றிய மண்ணையே சுரண்டிக் குவித்தால் வேர் வெளிப்பட்டுவிடும். மேலே காய்ந்த இலை அல்லது வைக்கோல். கடைகளில் விற்கும் நுரைத்தொப்பிகளை நான் விரும்புவதில்லை. வெயில் நாளில் உள்ளே சூடாகிச் செடியை எழுப்பிவிடும். முயலும் வயலெலியும் பனிக்கடியில் பட்டையைக் கொறிக்கும், ஆகவே கம்பிவலையை அடியைச் சுற்றி நடுங்கள். தோட்டத்தில் தூய பனி கிடந்தால் செடியின் மேல் அள்ளிப் போடுங்கள், உப்புக் கலந்த வீதிப்பனி வேண்டாம்.

ஏப்ரலில் வெட்டுதல்

அணைத்த மண்ணை ஒரேயடியாக எடுக்காமல் இரண்டு மூன்று தரமாகக் குறையுங்கள். போர்சிதியா மஞ்சளாகப் பூக்கும்போது கத்தரியை எடுக்கலாம். அது வளராத ஊர்களில் ரோசாவின் முளைகள் பருத்துச் சிவக்கும் வரை பொறுத்திருங்கள்.

தண்டின் நிறத்தை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். நகத்தால் பட்டையை மெல்லக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். அதன் பிறகு நுனியிலிருந்து விரற்கடை விரற்கடையாக வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் நடுச்சோற்றைப் பாருங்கள். மண்ணிறமாக இருந்தால் அந்தத் துண்டு செத்தது. இன்னும் கீழே வெட்டுங்கள். மண்ணிறம் வெளிறி, ஒரு வளையம் பச்சை தோன்றி, கடைசியில் நடுச்சோறு பால்வெள்ளையாக வரும். அங்கே நிறுத்தி, வெளிப்பக்கம் பார்த்த ஒரு முளைக்குச் சற்று மேலே சாய்த்து வெட்டுங்கள். ஒருமுறை மட்டும் பூக்கும் ரோசாக்களில் செத்ததை மட்டும் எடுத்து, மீதியைப் பூத்து முடிந்த பிறகு வெட்டலாம். 'வில்லியம் பாபின்' போன்ற கொடிகளுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கத்தரியே வேண்டாம்.

எதுவும் துளிர்க்காத செடியை மே மாதத்திலேயே பிடுங்கிவிடாதீர்கள். ஆழமாக நட்ட கன்று மண்ணுக்கடியிலிருந்து வெளிவர ஜூன் பாதி ஆகலாம். வரும் தண்டு எங்கிருந்து வருகிறது என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டு முட்டிக்குக் கீழிருந்து வந்தால் அது வேர்ச்செடியின் தண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் கன்றுகளில் அது பெரும்பாலும் 'டொக்டர் ஹியூ'. கருஞ்சிவப்பில் சிறு பூக்கள் கோடைத் தொடக்கத்தில் ஒரு தரம் பூத்து நின்றுவிடும். மல்ற்றிபுளோரா வேரென்றால் வெள்ளைச் சிறு பூக்கள் கொத்தாக வரும். மேலே உங்கள் ரோசா உயிரோடு இருந்தால் அந்தத் தண்டை வெட்டாமல் வேரோடு கிழித்து எடுங்கள், வெட்டினால் இரண்டாக முளைக்கும். மேலே ஒன்றும் மிஞ்சவில்லையென்றால் முழுவதையும் தோண்டி எடுத்து, குழியின் மண்ணை மாற்றி, அங்கே சொந்த வேர்க்கன்று ஒன்றை நடுங்கள்.